மாமியாருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு பேக்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வெறும் 'பேக்'. மயிலாப்பூரில் பாதிப் பேர் அதற்காகத்தான் எங்கள் வீட்டுப் படியேறுகிறார்கள் என்று என் மாமியார் பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பாதி மயிலாப்பூர் மொத்தம் பதினாலு மாமிகள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து ஸ்லோகம் சொல்வார்கள். நாலரை மணிக்கு அவர்கள் புத்தகத்தை மூடுவார்கள், நான் ஓவனைத் திறப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமான மறு வருஷம், தி.நகரில் ஒரு வீட்டு மாடியில் முட்டையில்லாத பேக்கிங் வகுப்பு நடத்தினார்கள். நான் போனது சமையல் மேல் இருந்த ஆசையால் இல்லை. ஐந்து நாள் மத்தியானம் வீட்டை விட்டு வெளியே இருக்கலாமே என்றுதான் போனேன். கற்றுக்கொண்டதில் உருப்படியாக வந்தது இது ஒன்றுதான். வெந்த உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அடுக்கி, வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால்விட்டுக் கிளறிய சாஸை ஊற்றி, மிளகுப்பொடி தூவி, மேலே கை நிறைய சீஸைத் துருவிப் போட வேண்டும். மேல்பக்கம் சிவந்து குமிழி விட்டால் ஆயிற்று.

ஓவன் என் அம்மா சீராகக் கொடுத்தது. வட்டமான அலுமினியப் பாத்திரம், மூடியில் சின்னக் கண்ணாடி. பெட்டியிலிருந்து எடுத்த அன்றே மாமியார் அதைப் பால்கனிக்கு அனுப்பிவிட்டார்.

"கேக்கு பண்ற பாத்திரம். முட்டை பட்டிருந்தா?" என்றார்.

"புதுசும்மா. இன்னும் யாருமே அதுல எதுவும் பண்ணலை."

"இருக்கட்டும். வெளில இருந்தா என்ன, ஓடியா போயிடும்?"

ஆக, துளசித் தொட்டிக்கும் காயப்போட்ட வேட்டிகளுக்கும் நடுவே, கூடத்திலிருந்து ஒயர் இழுத்து, முதல் பேக்கைச் செய்தேன். அந்தச் சனிக்கிழமை சுண்டல் போதாது என்று பயந்துதான் அதைத் தட்டில் வைக்க அனுமதி கிடைத்தது. மாமியார் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பேசாமல் இன்னொரு ஸ்பூன். அடுத்த மாதம் ஓவன் சமையலறைக்குள் வந்து கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான், அதுவும் ஓவன் வழியாகக் கிடைத்தது.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹோட்டலில் காபி கூடக் குடிக்க மாட்டார். கடையில் வாங்கிய பிஸ்கட்டை நான் படித்துப் பார்த்துச் சொன்னால்தான் தொடுவார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் மூக்கருகே வைத்துக்கொண்டு முட்டை இருக்கிறதா என்று தேடுவது என் உத்தியோகம். பேக்குக்கான சீஸ் மஸ்கட்டிலிருந்து வந்தது. அங்கே வேலையிலிருந்த என் கணவரின் அண்ணா, ஊருக்கு வருகிற யார் கையிலாவது தகர டப்பாக்களைக் கொடுத்தனுப்புவார். முதல் டப்பா வந்தபோதே படித்தேன். முட்டை இல்லை. "நன்னாப் பாத்தியோ?" என்று கேட்டார். நன்றாகப் பார்த்தேன் என்றேன்.

ஒரு வருஷம் கழித்து, காலி டப்பா ஒன்றைக் கடுகு போட்டு வைக்கலாம் என்று தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கிற கை எழுத்தின் மேல் போய்வரும்போது கண்ணும் சும்மா போய்வந்தது. பால், உப்பு, அதற்கப்புறம் எனக்கு அர்த்தம் தெரியாத ஒரு சொல். ரென்னட். ஏதோ உப்பு வகை என்றுதான் முதலில் நினைத்தேன். என் கணவரின் பழைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். பால் குடிக்கும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும், பாலை உறைய வைக்கும் பொருள் என்று இருந்தது. மறுபடி படித்தேன். கன்றின் வயிற்றைத் திறக்காமல் அதை எப்படி எடுப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டப்பாவை, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். முட்டையைத் தேடியே பழகிய கண் வேறெதையும் பார்க்கவில்லை. கூடத்தில் மாமியார் வெற்றிலையைத் துடைத்தபடி ஏதோ ஸ்லோகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஃபிளாட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. பாத்ரூமில் பேசினால் பூஜை அலமாரி வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனபோதுதான் கணவரிடம் சொன்னேன். அவர் மிளகாய் பஜ்ஜியைக் கடிப்பதை நிறுத்தினார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா. மாசாமாசம்."

"அம்மாகிட்ட சொல்லித் தொலைக்காதே. அன்னத்தை விட்டுட்டுப் படுத்துண்டுடுவா. அந்தப் பதினாலு மாமியும் நம்மாத்து வாசல்ல வந்து நிப்பா."

"அப்போ நான் என்ன பண்றது?"

"நீ பாட்டுக்குப் பேசாம இரு." மீதி பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்றுவரை முழுசாகத் தணியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பாண்டி பஜாரில் கடைகடையாக ஏறி, உள்ளூர் சீஸில் கன்றுக்குட்டி விவகாரம் இல்லை என்று ஒரு கடைக்காரர் அடித்துச் சொன்ன பிறகு வாங்கி வந்தேன். அடுத்த சனிக்கிழமை அதைப் போட்டுச் செய்தேன். மந்தைவெளி மாமி, வெளியே எங்கு போனாலும் தன் தண்ணீரைத் தானே சொம்பில் கொண்டுபோகிறவர், "ஏண்டிம்மா, இன்னிக்கு என்னமோ குறையறதே?" என்றார். மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் போனதும் அலமாரியைத் திறந்து, பிரிக்காத நாலு மஸ்கட் டப்பாவை என் முன்னால் வரிசையாக வைத்தார்.

"அவன் ஆசை ஆசையா அனுப்பறான். இதை வெச்சுண்டு கடைல ஏன் வாங்கறே? என்னை நாலு பேர் முன்னாடி தலை குனிய வெச்சுட்டியே."

அதற்குப் பிறகு டப்பாவைத் திறப்பதை அவரே ஏற்றுக்கொண்டார். மடியில் துருவியை வைத்துக்கொண்டு, தேங்காய் துருவுகிற வேகத்தில் சீஸைத் துருவுவார். சிந்தியதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நான் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கை அடுக்குவேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை நெருங்க நெருங்கத் தப்பிக்க வழி தேடுவேன். காய்ச்சல் என்று ஒருமுறை படுத்துப் பார்த்தேன். மாமியார் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, கூட்டத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார். சொன்னால் வீடு உடையும். சொல்லாவிட்டால் என் கையாலேயே அதை அவர் தட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு வருஷம் ஓடிற்று.

அப்போதுதான் மாமனாரும் மாமியாரும் காசிக்குக் கிளம்பினார்கள். அடையாறில் ஒரு யாத்திரை ஏஜென்ட் கோஷ்டியாக ஆட்களைச் சேர்த்து ரயிலில் அழைத்துப் போனார். காசி, கயா எல்லாம் போய் கங்கையில் முழுகப்போகிறவரிடம் இதை மறைத்து அனுப்புவது எனக்கே பொறுக்கவில்லை. சொல்லிவிட்டால் முழுக்கோடு முழுக்காக அதையும் கழுவிவிட்டு வரட்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அவர் பெட்டியில் மடிப்புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாமனார் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் இருந்தேன். உக்காரு." அவர் புடவையைக் கீழே வைத்தார். "காசிக்குப் போறவா எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுண்டு போகணும். வந்த புதுசுல உன்னைப் படுத்தியிருக்கேன். உங்கம்மா ஆசையாக் குடுத்த அடுப்பை வெளில தூக்கி வெச்சேன். நீ அதை மனசுல வெச்சுக்காம எனக்குப் பிடிச்சதை மாசாமாசம் பண்ணிப் போட்டே. எதையும் மனசுல வெச்சுக்காதேடி."

என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ என்ன சொல்ல வந்தே?"

"ஸ்வெட்டர் எடுத்து வெச்சுண்டேளான்னு கேக்க வந்தேன்."

அவர்கள் திரும்பி வர இருபது நாளாயிற்று. வந்த மறுநாள் கங்கைச் சொம்பு வாங்கிக்கொள்ளப் பதினாலு மாமிகளும் வந்தார்கள். பேக் இல்லாமல் எப்படி? மாமியாரே டப்பாவைத் திறந்து துருவிக் கொடுத்தார். இந்தத் தடவை சிந்தியதை வாயில் போடவில்லை. நான் அதைக் கவனித்தேன், களைப்பு என்று நினைத்தேன்.

கயாவில் பித்ரு காரியம் முடிந்ததும் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை என்று விட்டுவிட்டு வருவது வழக்கம். அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. மாமனார் சுரைக்காயை விட்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்குச் சுரைக்காய் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும், மாமிகள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"நீ என்ன விட்டே?" என்று மந்தைவெளி மாமி கேட்டார்.

"உருளைக்கிழங்கு" என்றார் மாமியார்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் புகழ ஆரம்பித்தார்கள். மாமியார் வெட்கப்பட்டார். "விடறதுன்னா பிடிச்சதைன்னா விடணும்? பிடிக்காததைக் குடுத்து பகவானை ஏமாத்தலாமா? கண்ணை மூடிண்டு இவ பண்ற பேக்கைத்தான் நினைச்சுண்டேன். என்கிட்ட அதைவிடப் பிடிச்சது வேற இல்லை."

நான் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தேன். இனி அவர் வாயில் அது படாது. இரண்டு வருஷமாக நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. ஆனால் இனி உண்மையைச் சொன்னால், அவர் தின்றது மட்டும் கெடாது. பகவானுக்கென்று அவர் கொடுத்ததும் கெடும். அவரிடம் இதை என்றைக்குமே சொல்ல முடியாது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது.

பரிமாறினேன். மாமிகள் சாப்பிட்டார்கள். மாமியார் தட்டில் வெறும் சுண்டல். எல்லோருக்கும் வைத்துவிட்டு அடியில் ஒட்டிய கொஞ்சத்தோடு பாத்திரத்தை உள்ளே கொண்டுபோனேன். பின்னாலேயே வந்தார். மேடை மேல் வைத்த பாத்திரத்தின் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார்.

"நீ நாலெழுத்துப் படிச்சவ. வாசனை பிடிச்சா தோஷம் உண்டா?"

"கிடையாதும்மா" என்றேன். அவர் குனிந்து முகர்ந்தார்.