முகர்ந்து பார்க்காத புட்டி

இதை எழுதினால் அபசாரமாகுமோ என்று பல வருஷங்கள் தயங்கினேன். இன்று தில்லை நகரில் ஒரு தள்ளுவண்டியிலிருந்து கனிந்துபோன திராட்சை வாசனை அடிக்கவும், இப்போது அடுக்குமாடி நிற்கும் அந்தப் புத்தூர் மைதானம், கோடையில் காய்ந்த தகரக் கொட்டகைகளும் செருப்பில் ஒட்டும் சாறும் ஈக்களின் இரைச்சலுமாக என் முன் வந்து நின்றது. அங்கே நடந்த திராட்சைத் திருவிழாவில், பெருமாளுக்கு நிவேதனம் செய்ய அம்மா ஒரு புட்டிச் சாறு வாங்கினாள்.

"ஏம்ப்பா, இது ஒயின் இல்லையே?" என்றார் அப்பா.

"வெறும் ஜூஸ்தாங்க. சாமிக்கே வைக்கலாம்," என்று கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தக்கையைப் பிடுங்கப் போனார்.

"மோந்து பாத்துடாதீங்கோ! அப்புறம் பெருமாளுக்கு ஆகாது," என்று அம்மா பதறினாள்.

"மோந்து பாக்காம எப்படிடீ தெரியும்?"

ஆனாலும் திறக்கவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் மடியிலிருந்த புட்டியை முறைத்துக்கொண்டே வந்தார். காவிரிப் பாலத்தில் தக்கை தானாகவே தெறித்தது. பஸ் முழுக்கப் புளித்த வாடை.

"பாத்தியா, அவரே சொல்லிட்டார்," என்று அப்பா கைகூப்பினார்.

அவர் முன்னமே முகர்ந்திருப்பார் என்று உறவுக்காரர்கள் இன்றும் சந்தேகப்படுகிறார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா முகரவில்லை. யாருக்குச் சொன்னாலும் இதை மாற்றாமல் சொல்லுங்கள்.