கிளியின் தலை என் கைக்குள் இருந்தது

என் மகளின் கேமராவை உடைத்தவன் நான்தான்.

கல்லால் அடிக்கவில்லை. காலால் மிதிக்கவில்லை. உடையும் என்று தெரிந்தே ஒரு பையை வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான்... அவ்வளவுதானா?

பிள்ளைகளே, இதை உங்களிடம்தான் சொல்கிறேன். பெரியவர்களிடம் சொன்னால் "விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்று முதுகைத் தட்டிவிடுவார்கள். நீங்கள் தட்டமாட்டீர்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் நான் பேக்கிங் ஆள். பொம்மைகளை வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. புது மாதிரிப் பெட்டி வந்தால், உள்ளே ஒரு கழிவுப் பொம்மையை வைத்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுவோம். பொம்மை பிழைத்தால் நல்ல பெட்டி. 'விட்டுப் பார்க்கிறது' என்போம்.

மூத்த மகள் அமுதா ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருடம் நின்று, அந்தச் சம்பளத்தில் ஒரு பழைய கேமராவும் லென்சும் வாங்கினாள். முதன்முதலில் யாரைப் படம் எடுத்தாள் தெரியுமா? என்னை! வைக்கோலுக்கு நடுவில் குனிந்து நிற்கிறேன். தலை, மீசை, இமை எல்லாம் தூசி. 'எங்கப்பா' என்று எழுதி, ஊரே பார்க்கிற மாதிரி போனில் போட்டுவிட்டாள்.

மறுநாள் டீக்கடையில் ஒருவன் ஆரம்பித்தான்.

"என்னா மாமா, வைக்கப்போருல மேயுற மாடாட்டம் நிக்கிற! பெத்த பொண்ணே எடுத்துச்சாமே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவள் பாசத்தில்தான் எடுத்தாள். அது எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தும் மனது ஆறவில்லையே... ஏன்?

அந்த நேரத்தில்தான் கடலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் அவளைக் கூப்பிட்டார். வேப்பூரில் ஒரு கல்யாணம். தனியாக எடுத்துக் காட்டு. நன்றாக வந்தால் வேலை உனக்குத்தான் என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவரை கேமராவைப் பழைய துண்டில் சுற்றிக் கட்டைப்பையில்தான் வைத்திருந்தாள். பஸ்ஸில் அப்படிக் கொண்டுபோக முடியாது என்று, முதுகில் மாட்டும் பை வாங்க என்னைக் கூட்டிப்போனாள்.

"நீயே பாத்து எடுப்பா. ஒடையற சாமானப் பத்தி ஒன்னவிட யாருக்குத் தெரியும்?"

கடைக்காரர் இரண்டு பைகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு. கனமானது; அடியில் விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு. இன்னொன்று நீலம். பளபளப்பு, ஏகப்பட்ட ஜிப்பு. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டறைக் கழிவிலிருந்து இரண்டு பீங்கான் கிளிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கறுப்புப் பைக்குள் ஒன்றை வைத்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டேன்.

"அண்ணே, என்னாண்ணே... வாங்கறதுக்கு முன்னயே போட்டு ஒடைக்கிறீங்க!" என்று கடைக்காரர் பதறினார்.

"எங்கப்பா அப்படித்தாங்க. என்னையே அப்படி விட்டுப் பாத்துட்டுத்தான் வளத்தாரு" என்றாள் அமுதா. இருவரும் சிரித்தார்கள்.

கிளி முழுசாக இருந்தது.

அடுத்து நீலப் பை. விட்டேன். உள்ளே கைவிட்டபோதே தெரிந்துவிட்டது. தலை தனியாக, உடம்பு தனியாக.

அந்த ஒரு நொடி... பிள்ளைகளே, அந்த நொடியில் என் கண்ணுக்குள் அவள் இல்லை. டீக்கடைச் சிரிப்புதான் இருந்தது.

விரல்களை மூடிக்கொண்டேன். உடைந்ததை அப்படியே சட்டைப்பைக்குள் போட்டேன்.

"ரெண்டுலயும் ஒடையல. நீலமே எடுத்துக்க, தோளு வலிக்காது."

"கறுப்புதான் கெட்டியா இருக்குற மாதிரி இருக்குதுப்பா..."

"பேக்கிங் வேல செய்யறது நானா, நீயா?"

அவள் என் கையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. அப்பாவின் கையை எந்தப் பிள்ளை சோதித்துப் பார்க்கும்?

நான்கு நாள் கழித்துக் கல்யாணம். நான்கு நாள்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைக்குப் போய்ப் பையை மாற்றியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் உடைத்துக்கொண்டு வந்தால் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

கல்யாணத்தன்று மதியமே திரும்பிவிட்டாள். பையைத் திறந்து காட்டினாள். கண்ணாடி நொறுங்கி, லென்ஸ் கேமராவோடு சேருமிடத்தில் முறிந்து கிடந்தது. கிளிக்கு முறிந்த அதே இடம் போல... கழுத்து!

"என் தப்புதாம்பா. வேப்பூருல எறங்கறப்ப தோள்லேருந்து நழுவ விட்டுட்டேன். ரொம்ப ஒசரம்கூட இல்லப்பா. இடுப்பு ஒசரந்தான்."

தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்.

"ஒரு பொருளக் காப்பாத்தத் துப்பில்லாதவளுக்கு எதுக்குடி கேமரா?"

அவள் அழவில்லை. கல்யாண வீட்டில் வேறு ஆளை வரவழைத்துவிட்டார்களாம். வந்தது வந்தாய், சாப்பிட்டுப் போ என்றார்களாம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாளாம்.

அதன்பிறகு அவள் கேமராவைத் தொடவில்லை. மறுபடி ஜெராக்ஸ் கடைதான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு யாராவது வந்தால்கூட, பக்கத்துக் கடைக்குக் கைகாட்டிவிடுகிறாள். அந்த நீலப் பையில்தான் எனக்குத் தினமும் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். அதை முதுகில் மாட்டிக்கொண்டுதான் பட்டறைக்குப் போகிறேன்.

போன மாதம் சின்னவள் வெண்ணிலாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. லேப்டாப் வைக்க ஒரு பை வேண்டும் என்றாள். நான் நழுவப் பார்த்தேன். அமுதா விடவில்லை.

"அப்பா இல்லாம எடுக்காதடி. அவரு விட்டுப் பாத்து எடுக்கட்டும்."

அதே கடை. ஒரு பைக்குள் கிளியை வைத்துக் கீழே விட்டேன். எடுத்தேன். முழுசாக இருந்தது. இந்தமுறை கையை நன்றாக விரித்துக் காட்டினேன்.

அமுதா தங்கையின் தோளில் தட்டினாள்.

"பாத்தியாடி! அப்பா எடுத்தா ஒடையாது. அன்னிக்கி ஒடச்சது நாந்தான். இல்லியாப்பா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில்... வாய்வரை வந்தது.

கிளியை மூடிப் பிடித்தேன். அலகு உள்ளங்கையில் குத்தியது.

"ஆமாம்மா" என்றேன்.