அடி துடைக்காத ஜாடிகள்

அக்காவுக்கு முதலில் கால்தான் வீங்கியது. பிறகு முகம். அதுக்கப்புறம் பேச்சு தடுமாறியது. கம்மாபுரத்திலிருந்து கூட்டிவந்து என் வூட்டிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு நாள் சோறு போட்ட என்னைப் பார்த்து, "நீங்க யாரு வூட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டாள். எங்கள் அம்மாவும் கடைசியில் வீங்கின காலை நீட்டிக்கொண்டு இதையேதான் கேட்டாள்.

கிட்னி கெட்டு ரொம்ப நாளாகிவிட்டது, அது மூளையையும் விடாது என்றார் டாக்டர். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?"

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். டாக்டர் முன்னால் எனக்கு வாயே வராது. அதோடு, என் பெண்ணை நிச்சயம் பண்ணியிருந்த இடத்துச் சம்பந்தியம்மா அக்காவைப் பார்க்கப் பழம் வாங்கிவந்து பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"யாருக்கும் இல்லீங்க" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அக்கா அந்த வருஷமே போய்விட்டாள். பெண்ணின் கல்யாணமும் நடந்தது.

அப்போது நான் பீங்கான் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊறுகாய் ஜாடியை, பளபளப்புக்காகப் பூசும் கிளேஸ் தண்ணியில் முக்கி எடுத்ததும், அடியை மட்டும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் சூளையில் கிளேஸ் உருகி, ஜாடி, அதை வைத்திருக்கிற சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்காக என் கை தானாகச் செய்த வேலை அது.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் சூளையைப் பிரித்தால், என் வரிசை முழுக்க ஒட்டிக் கிடந்தது.

மேஸ்திரி சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "என்னாக்கா, வாங்கறவன் தட்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போவணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் துடைத்தேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஸ்பாஞ்சைக் கையில் எடுத்த ஞாபகம்கூட இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

பெண்ணோடு அதே டாக்டரிடம் போனேன். ரத்தம், மூத்திரம் எல்லாம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் அவர், "அக்காவத் தவிர யாருக்கும் இல்லன்னு சொன்னீங்களே?" என்றார்.

"அம்மாவுக்கும் இருந்துச்சுங்க. சம்பந்தியம்மா நின்னாங்க. சொல்ல வாய் வரல."

அவர் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களையும் அன்னிக்கே பாத்திருப்பேன்" என்றார்.

பெண் கையில் அந்தக் காகிதம் இருந்தது. "அப்படின்னா எனக்கு, டாக்டர்?"

"உனக்கும் பாத்துரலாம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, கொலுசை மேலே தள்ளிவிட்டு, அது காலில் பதித்திருந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.