கழிவுநீர்ப் பாடம்

ஒரகடத்தில் நான் தங்கியிருக்கும் அறையில் நான்கு பேர். நான்கு பேரும் சேர்ந்தாற்போல் விழித்திருந்து நான் பார்த்ததே இல்லை. ஒருவன் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இன்னொருவன் போர்வைக்குள் இருப்பான். வாடகையில் பங்கு போட ஆள் உண்டு, வாய்விட்டுப் பேசத்தான் ஆள் கிடையாது.

மனைவியும் மகளும் சங்கரன்கோவில் பக்கம், எங்கள் ஊரில். மகள் பத்தாம் வகுப்பு. எனக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மாலை ஷிப்ட். மாலை ஷிப்டில் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு என் போன் கம்பெனி கேட்டில் லாக்கருக்குள் கிடக்கும். காலையில் நான் கண் விழிப்பதற்குள் அவள் போயிருப்பாள். ஆக, காலை ஷிப்ட் வாரத்தில் மட்டும்தான் நாங்கள் அப்பாவும் மகளும்.

அந்த வாரத்திலாவது பேசினோமா என்றால் அதுவும் இல்லை.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

"இன்னைக்கு என்ன நடத்தினாங்க?"

"பாடந்தான்."

அதற்கு மேல் அவர்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "போனை அம்மாகிட்ட குடு" என்பேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாதக்கணக்கில் முகம் பார்க்காத அப்பனிடம் வளர்ந்த பெண் என்னத்தைச் சொல்வாள்? அவர்கள் வீடு என்று எழுதிவிட்டேன், பாருங்கள். என் வீடும் அதுதான். இப்படியே போனால் அவளுக்கு நான் பணம் அனுப்பும் ஒரு நம்பராகிவிடுவேன் என்று உண்மையிலேயே பயந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவள் படிப்பதை நானும் படித்தால் பேச ஏதாவது கிடைக்குமே. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, இந்த வயசுல பரீட்சை எய்தப் போறியா?"

"ஆமா, பெயிலாயிட்டேன்."

"பத்தாவது சயின்ஸ் தோ கீது. எட்த்துக்கினு போ."

கம்பெனி பஸ்ஸில் அதை விரித்தால் பக்கத்து சீட்காரர்களுக்குச் சிரிப்பாணி. சிரித்துவிட்டுப் போகட்டும். கழிவுநீரைப் பற்றி அதில் ஒரு பாடம் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் கேன்டீனுக்குப் பின்னால்தான் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி இருக்கிறது. தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போவோம்.

அடுத்த காலை ஷிப்டில் மகளிடம் கேட்டேன். "கழிவுநீர்ப் பாடம் நடத்தியாச்சா?"

"கழிவுநீரா?" என்று இழுத்தாள். வழக்கம்போல் கவனம் எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லப்பா. இனிமேத்தான் நடத்துவாங்க."

நான் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். காற்றை உள்ளே அடிப்பார்கள், நுரை பொங்கும், கடைசியில் அந்தத் தண்ணீரைத்தான் கம்பெனிப் புல்தரைக்கு விடுவார்கள் என்றேன்.

"எதுக்குப்பா காத்து அடிக்காங்க?"

சாப்பிட்டீங்களா என்பதைத் தவிர, முதல் தடவையாக அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில்தான் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் போய் நின்றேன்.

"உள்ள கிருமி கீதுண்ணா. அதுக்கு மூச்சு ஓணும்ல? அது உயிரோட இருந்தாதான் அழுக்கத் துன்னும்."

சாயங்காலம் அப்படியே மகளிடம் ஒப்பித்தேன். "பாக்டீரியாப்பா" என்று திருத்தினாள். சிரித்தாள்கூட. அதன்பிறகு மாலை ஷிப்ட் வாரங்களிலும் தொட்டிப் பக்கம் போய் நிற்பேன், அடுத்த வாரத்துக்குப் பேச்சு சேர்க்க. அவளும் படித்துவிட்டு வந்து கேள்வி மேல் கேள்வி கேட்பாள். மாதங்கள் போயின, பாடம் தீரவில்லை. தீர வேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பெருமை காட்டவென்று அந்தப் புத்தகத்தையும் பையில் வைத்திருந்தேன். மகள் கடைக்குப் போயிருந்தாள். மனைவி புத்தகத்தைப் புரட்டினாள்.

"இதத்தான் படிச்சீங்களாக்கும்? இது பழைய புஸ்தகம்லா. பாடமெல்லாம் மாறி வருசக்கணக்காச்சு. இந்தக் கழிவுநீர்ப் பாடமே அவளுக்குக் கெடையாது."

"அப்ப இத்தனை நாளா எப்படிப் பேசுனா?"

"பின்தெரு அக்காட்ட அவளோட பழைய புஸ்தகத்த வாங்கி வச்சிருக்கா. நீங்க கூப்பிடுத வாரம் வருததுக்குள்ள உக்காந்து படிச்சிருவா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு இது என்ன வேலை? மகள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"பரீட்சைக்கு வராத பாடத்தை எதுக்குப் படிச்சே? மொத நாளே சொல்றதுக்கென்ன?"

அவள் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொல்லிருந்தா அப்பொறம் எங்கிட்ட என்னத்தப்பா பேசுவீங்க?"

இத்தனை நாளும் நான் ஒருவன்தான் தனியாகக் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

ஒரகடம் திரும்பியதும் முதல் வேலையாகப் புதுப் புத்தகம் வாங்கினேன். அவளுடைய பாடம்தானா என்று போட்டோ அனுப்பி உறுதிப்படுத்திக்கொண்டேன். காலை ஷிப்ட் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூப்பிட்டேன்.

"ஒளியியல் நடத்தியாச்சா?"

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிட்டுப்பா" என்றாள். "அந்தத் தொட்டி எப்படி இருக்கு?"

புதுப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"இன்னைக்கு நுரை ரொம்ப ஜாஸ்தி" என்று ஆரம்பித்தேன்.