எரிச்சல் நின்றதற்கு ஓர் அர்ச்சனை

மூன்று வருடத்துக்கு முன், சித்திரை மாதக் கடைசியில் நடந்தது இது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. என் கணவருக்கு விவசாயம். கூடவே பல வருடமாகச் சர்க்கரை வியாதி.

அதற்கு முன் இரண்டு மூன்று வருடமாகவே அவர் பாதம் எரிகிறது என்று சொல்லி வந்தார். மிளகாயை அரைத்துப் பூசினது போல எரியுமாம். வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "டீக்கடையில அஞ்சு வேளையும் சக்கர போட்ட டீ. அப்புறம் எரியாம என்ன செய்யும்?" என்பேன். ஒருநாள், "சும்மா நடிக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. போகப்போக எரிச்சலே நின்றுவிட்டது என்றார். அப்பாடா என்று கோயிலுக்குப் போய் அவர் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், வருடா வருடம் இதையே பாடம் நடத்துகிறவள் நான். நரம்பு முனையில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. சூடு பட்டால் அவை திறந்து, மதகு திறந்த வாய்க்கால் மாதிரி அயனிகள் உள்ளே பாயும். அந்தச் சேதி மூளைக்குப் போனால்தான் 'சுடுகிறது' என்று தெரியும். சர்க்கரை ஏறினால் அந்த வாசல்கள் காரணமில்லாமல் திறந்து எரிச்சல் எடுக்கும், கடைசியில் நரம்பே செத்து அடங்கிவிடும் என்பதும் நான் படித்ததுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

அந்தச் சித்திரையில் கோடை நெல் அறுத்திருந்தோம். ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். தார் ரோட்டில் பரப்பினோம். நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்க எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. வெறுங்காலால்தான் துழாவி விடுவோம். உச்சி வெயில். கூலிக்கு வந்த அம்மா இரண்டு நடை நடந்துவிட்டு நிழலுக்கு ஓடி வந்துவிட்டார். என் கணவர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல அதிலேயே நடந்துகொண்டிருந்தார்.

"ஐயாவுக்குக் காலு சுடாதா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அவங்களுக்கென்ன, சேத்துல ஊறுன காலு" என்றேன். பெருமை வேறு எனக்கு, மரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு.

சாயங்காலம் அவர் கால் கழுவும்போது பார்த்தேன். உள்ளங்காலில் தோல் பாளமாக உரிந்து தொங்கியது. அவர் அதைச் சேறு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். மூன்று வாரம் மருந்து, கட்டு, ஊசி. புண் ஆறாமல் உள்ளுக்குள் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

எடுப்பதற்கு முதல் நாள் டாக்டர் அவரிடம், "முன்னாடியே எரிச்சல், மரத்துப்போறது ஏதாவது இருந்துச்சா? வீட்டுல சொன்னீங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நான் பயாலஜி டீச்சர் என்று டாக்டரிடம் ஏற்கெனவே சொல்லியும் வைத்திருந்தேன்.

என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லங்க டாக்டர், நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா இவங்க அப்பவே கூட்டிட்டு வந்திருப்பாங்க" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இன்றைக்கும் யார் விசாரித்தாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்கிறார், நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். இப்போதுதான் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், அதையும் பெயர் போடாமல் எழுதும் அளவுக்குத்தான் எனக்குத் துணிச்சல் இருக்கிறது.