கருத்து இல்லாதவர்கள்

தொண்ணூறுகளில் நான் புள்ளியியலில் ஆராய்ச்சி மாணவன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலை எனக்குச் சொந்த ஊர் என்பதால் குளத்தூர் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரே ஆளிடம் ஒரே கேள்வியைச் சில மாதம் விட்டு இரண்டு முறை கேட்க வேண்டும். பதில் மாறாதவருக்குக் கருத்து உண்டு. மாற்றிச் சொல்கிறவர் காசு சுண்டிப் பதில் சொல்கிறவர், அவருக்குக் கருத்தே கிடையாது. என் கணித மாதிரி சொன்னது அவ்வளவுதான். அதை அப்படியே நம்பினேன். மண்டைக்கனம், வேறென்ன!

உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் வகுப்புகள் தொடர வேண்டுமா என்பது கேள்வி. பிள்ளைகள் குறைந்ததால் மூடலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் மகள் அங்கேதான் தமிழில் படித்தாள். அக்கா முதலில் வேண்டாம் என்றாள். அடுத்த முறை, "வேணும் மக்கா, கண்டிப்பா வேணும்" என்றாள். அவளைப்போல நிறையப் பேர். எல்லாரையும் கருத்து இல்லாதவர் கணக்கில் தள்ளினேன். நிர்வாகம் கேட்டபோது அறிக்கையைப் பெருமையாகக் கொடுத்தேன். அடுத்த ஜூனில் தமிழ் வகுப்புகள் இல்லை.

அக்கா தலையில் மீன் சருவத்தோடு நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்களுக்கு அபிப்ராயமே இல்லன்னு எழுதினியாமே?"

"நீங்கதானே அக்கா மாத்திச் சொன்னது?"

"மொதல்ல நீ அச்சடிச்ச பேப்பரப் பாத்து மலையாளத்துல கேட்ட. சர்க்கார் காரியமாக்கும்னு பயந்து, அவங்களுக்குப் பிடிச்சதச் சொன்னேன். பெறவு பேப்பரில்லாம நம்ம பேச்சுல கேட்ட. மனசுல உள்ளதச் சொன்னேன். இதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

என் குறிப்பேட்டைப் புரட்டினேன். எந்த மொழியில் கேட்டேன் என்பதை நான் குறித்தே வைக்கவில்லை. தமிழில் தொடங்கிய பேச்சை மலையாளத்தில் முடிப்பவர்கள் நாங்கள், மாறியது எங்களுக்கே தெரியாது. மறுநாள் நிர்வாகியிடம் ஓடினேன். "அன்னைக்கு ஒண்ணு எழுதித் தந்தீங்க, இன்னைக்கு வேற சொல்றீங்க. எதை நம்புறது?" என்றார்.

அக்காவின் மகள் மலையாளம் நன்றாகப் பேசுவாள், எழுத வராது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். முதல் பருவத்து ஓணப் பரீட்சைக்கு முன்பே பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள்.

அக்கா பிறகும் மீன் கொண்டுவந்தாள். மகளைப் பற்றி, கடலைப் பற்றி, அன்றைய மீனைப் பற்றி, நான் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மக்கா."