அப்பா அடித்த மூன்று பந்துகள்

என் அப்பா கோல்ஃப் ஆடியவர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மூன்றே மூன்று பந்துகள்தான் அடித்தார், அதுவும் இன்னொருவர் மட்டையால், இன்னொருவர் பந்தை. ஆனால் அந்த மூன்றும் நேராகப் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்கு நேர்கோடு போடக் கற்றுக்கொடுத்தேன். அப்படி ஒரு நேர்கோட்டை எந்தப் பிள்ளையும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய கதை இது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலை. டெம்பரவரி. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் சாமி பெயரைவிட அதிகம் சொல்லியிருப்போம். அதற்கு முன்பு திருவாமாத்தூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், அப்பாவும் அவருடைய அப்பாவும் ஒரே ஆண்டையின் நிலத்தில் பண்ணையாட்கள். எனக்கு நாலு வயதானபோது, ஒரு விடியற்காலையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா ரயில் பாதையோரமாகவே நடந்து விழுப்புரம் வந்துவிட்டார். ஆண்டை விடுவாரா? மாதம் ஒரு தடவை அவருடைய ஆள் எங்கள் குடிசை வாசலில் வந்து நிற்பான். "ஏர் ஓட்ட ஆள் இல்ல. ஆண்டை கூப்பிடறாரு. மரியாதையா வந்துடு" என்பான். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது அப்பாவுக்கு.

வேலை பர்மனென்ட் ஆகிவிட்டால் ரயில் கம்பெனி ஆள். அப்புறம் எந்த ஆண்டையும் தொடமுடியாது. திண்டிவனத்துக்கு அந்தண்டை ஒரு ரயில்வே கேட்டுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், ஒற்றை அறை வீடும் உண்டு என்று பேச்சு அடிபட்டது. கையெழுத்துப் போடவேண்டியவர் எஞ்சினீயர் துரை. அம்மா அந்த வீட்டில் அடுப்பு எந்த மூலையில் இருக்கும் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள்.

துரைக்கு கோல்ஃப் பைத்தியம். விழுப்புரத்தில் புல்வெளிக்கு எங்கே போவது? கோடையில் வற்றிக் கிடந்த ஏரியில் நாலு குழி தோண்டச் சொன்னார். குழியைச் சுற்றி எஞ்சின் எண்ணெய் கலந்த மணலைக் கொட்டி, சாக்கு போட்டு இழுத்துச் சமமாக்க வேண்டும். கிழிந்துபோன சிவப்புக் கொடிகளைக் கழியில் கட்டிக் குழிக்கொன்றாக நட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மணல் இழுக்கவும் முள்ளுக்குள் போன பந்தைத் தேடவும் அப்பாதான். நான் கேப்பைக் கூழ் கொண்டுபோவேன்.

துரை ஆறடி ஆள். மட்டையைப் பிடரிவரைக்கும் தூக்கி, பல்லைக் கடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி வீசுவார். பந்து கொடியை விட்டுவிட்டு வேலங்காட்டுக்குள் போய் விழும். 'டாம்' என்று ஒரு இங்கிலீஷ் வசவு வரும். அடுத்த தடவை நிதானமாக, குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டுவார். பந்து நேராகப் போகும், முப்பதடியில் படுத்துவிடும். வேகம் வந்தால் நேர் போய்விடும், நேர் வந்தால் வேகம் செத்துவிடும். இது இரண்டையும் ஒன்றாகக் கட்டத் தெரியாமல் பாவம், அந்த மனுஷர் ஞாயிறு தோறும் அல்லாடினார்.

அப்பாவுக்கு அதன் காரணம் தெரிந்திருந்தது. ஒருநாள் வீட்டில் அம்மாவின் உலக்கையை எடுத்துக் குறுக்கே பிடித்து வீசிக் காட்டினார். "இந்தக் கை ரெண்டும் ஒடம்ப வுட்டுட்டுத் தனியா ஓடுது. சம்மட்டிய அப்பிடி வீசினா ஆணிமேலயா வுழும்? பக்கத்துல நிக்கறவன் கால்மேலதான் வுழும்."

அம்மா உலக்கையைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒலக்கைய நாம்ப குத்தறதில்லய்யா. தூக்கி வுட்டா அதுவே குத்திக்கும். இது கூடத் தெரியாத தொரையா?" என்றாள்.

அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதராஸிலிருந்து இன்னொரு துரை வந்திருந்தார். பெரிய துரை. பாதையில் வேலை செய்கிற ஆட்கள் நாலைந்து பேரும் மேஸ்திரியும் வரிசையாக நின்றார்கள். நான் கூழ்ச்சட்டியோடு கரைமேல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் துரை வழக்கப்படி வேலங்காட்டுக்கும் அடுத்த வேலங்காட்டுக்கும் அடித்துக்கொண்டிருந்தார். பெரிய துரை நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். அப்போதுதான் அப்பா ஒரு தப்புச் செய்தார். எங்கள் துரை மட்டையைத் தூக்கிய உடனே, பந்தை அடிப்பதற்கு முன்பே, அது விழப்போகிற முள்ளைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பந்தும் சொல்லிவைத்தாற்போல் அங்கேயே போய் விழுந்தது.

பெரிய துரை இடிஇடியென்று சிரித்துவிட்டார். எங்கள் துரையின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. அப்பாவைக் கூப்பிட்டார். எப்படித் தெரிந்தது என்று மேஸ்திரியை விட்டுக் கேட்கச் சொன்னார்.

"தோளு சொல்லிடுதுங்க தொரை" என்றார் அப்பா.

மேஸ்திரி அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, துரை மட்டையை அப்பாவிடம் நீட்டினார். நீ அடி என்று சைகை. மட்டையை வாங்கப் போனவரின் காதோரம் மேஸ்திரி குனிந்து சொன்னதை அப்பா பிறகு வீட்டில் சொன்னார். "தொரைய மிஞ்சினே, செத்தே. மண்ணக் கிண்டினே, அப்பவும் செத்தே. திண்டிவனத்த மறந்துடு."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பெரிய மனிதர்கள் எதிரே எங்கள் ஆட்கள் தோளில் துண்டோடு நிற்கக்கூடாது. எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். ஊர்க்கட்டு அது. துரை அதைக் கேட்டவருமில்லை, அறிந்தவருமில்லை. ஆனால் துரையைக் கண்டதும் அப்பாவின் கை தானாகப் போய்த் துண்டை இறக்கிவிடும். சிலர் வெற்றிலை போடுவதுபோல இது அப்பாவுக்கு ஒரு பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மட்டையை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். துண்டை எங்கே வைப்பது? தோளில் போடமுடியாது. துரை காலடியில் தரையில் போட்டால் திமிர் என்பார்கள். மேஸ்திரி அதைக் கையால் தொடமாட்டார். அப்பா ஒரு தரம் கரைமேல் என்னைப் பார்த்தார். கூப்பிட்டால் ஓடியிருப்பேன். கூப்பிடவில்லை. துண்டை வலது கக்கத்தில் இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டு பந்துமுன் நின்றார்.

துண்டு விழுந்துவிடக்கூடாது. அந்த ஒரே நினைப்பில் அவருடைய கை தோளுக்குமேல் போகவே இல்லை. முழங்கை விலாவை விட்டு அகலவில்லை. கைகள் தனியாக ஓடமுடியாததால் இடுப்பும் மார்பும் சேர்ந்து திரும்பின, சேர்ந்தே திரும்பி வந்தன. பந்து எங்கே போகிறது என்று பார்க்கக்கூட அவர் தலையை நிமிர்த்தவில்லை. துரைகள் எதிரே எப்படி நிமிர்வது? 'டொக்' என்று ஒரு சத்தம். பந்து பனை உயரம் எழும்பி, கோடு கிழித்த மாதிரி போய், கொடிக்குப் பத்தடி இந்தப் பக்கம் விழுந்து உருண்டது.

பெரிய துரை இன்னொரு பந்தை வைத்தார். அதுவும் அப்படியே போயிற்று. மூன்றாவது பந்தை எங்கள் துரையே குனிந்து வைத்தார். அடேயப்பா, அது கொடிக்கழியில் போய் இடித்தது!

அவ்வளவுதான், திண்டிவனம் போயிற்று என்று மேஸ்திரி நெற்றியைத் தடவிக்கொண்டார். ஆனால் துரை கோபிக்கவில்லை. அப்பாவைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார். பிறகு பிரம்பு நுனியால் கக்கத்துத் துண்டைக் காட்டி, உடைந்த தமிழில், "இதுதான் வித்தையா?" என்றார்.

அப்பா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"ஆமாங்க தொரை" என்றார் அப்பா.

துரை தன் கழுத்திலிருந்த பூத்துவாலையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தார். வருஷக்கணக்காக வேலங்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்த பந்து கொடியைப் பார்த்துப் போயிற்று. துரை குழந்தைமாதிரி குதித்தார். பெரிய துரையும் கைக்குட்டையைத் தேடி எடுத்து இடுக்கிக்கொண்டார். விழுப்புரம் ஏரியில், என் அப்பாவுக்கு எதிரே, இரண்டு வெள்ளைக்காரத் துரைகள் கக்கத்தில் துணியோடு நின்றார்கள். ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமையில் மூச்சு முட்டியது.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். "துண்டு வுழுந்துடுமேன்னு பயம். அதான் கையத் தூக்கல. அத்தப் போயி வித்தைன்னுட்டான்." அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்துபோய் அடுப்பை ஊத ஆரம்பித்தாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

அடுத்த மாதமே கையெழுத்து ஆயிற்று. திண்டிவனம் கேட்டுக்குப் போனோம். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அப்பா துண்டைத் தொடவில்லை. வேர்த்து ஊற்றினாலும் சட்டைக் கையால்தான் துடைப்பார். எனக்கு அது தாங்கவில்லை. துரைக்கே கற்றுக்கொடுத்த துண்டை யாராவது பெட்டிக்குள் வைப்பார்களா? பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள், அங்கே பார்க்கிற பிள்ளைகளிடமெல்லாம் அந்த வித்தையை நானே செய்து காட்டினேன். பிள்ளைகள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம். கூட்ஸ் வண்டி வரவேண்டும், அப்பா கேட்டைத் தள்ளி மூடியிருந்தார். சாலையில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. உள்ளே இருந்தவர் தலையை நீட்டினார். அவரை எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது. ஊர் ஆண்டை. மகளைத் திண்டிவனத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாராம், பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அவர் அப்பாவைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். "இன்னாடா, துண்டக் காணோம்?" என்றார்.

"ட்யூட்டியில துண்டு இல்லீங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அப்பாவின் வித்தை இவர்வரைக்கும் எட்டியிருக்கிறது, அதைப் பார்க்கத்தான் வண்டியை நிறுத்திக் கேட்கிறார்! வீட்டுக்குள் ஓடிப் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துவந்தேன். எம்பி, அப்பாவின் வலது கக்கத்தில் என் கையாலேயே சொருகினேன். "காட்டுப்பா, அவருக்குக் காட்டு" என்றேன்.

வண்டிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. "பொண்ணு நல்லாத்தான் வளந்திருக்குது" என்றார் அவர்.

அப்பா அசையவில்லை. கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பளிச்சென்று ஒரு உதறு உதறி, ஆண்டையின் முகத்தைப் பார்த்தபடியே, தோளில் போட்டுக்கொண்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. கூட்ஸ் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. கூட்ஸ் போனதும் அப்பா கேட்டைத் திறந்தார். கூண்டு வண்டி எங்களைத் தாண்டிப் போகவில்லை. ஆண்டை வண்டியைத் திருப்பச் சொல்லி, வந்த வழியே போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்த மனுஷருக்கு ஒரு தரம் செய்து காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவும் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தார், அப்போதும் நிற்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோபத்தோடேதான் போய் மல்லாட்டை எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்தேன். நாளெல்லாம் கேட்டைத் தள்ளித் தள்ளிக் கை அசந்துபோயிற்று என்று நினைத்து, விரல் விரலாக உருவிவிட்டேன்.